தோற்ற தலைவரும் தோற்காத தொகுதியும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கு நோக்கிப் புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், உப்புவெளியையும் சாம்பல்தீவையும் கடந்து ஏறக்குறையப் பத்து மைல் தொலைவில், ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பளமும் வயலுமாகக் கிடக்கின்ற நிலாவெளியை, இன்றைய உலகம் அதன் வெண்மணற் கரைக்காகவும், எதிரே கடலில் நிற்கும் புறாத்தீவுக்காகவுமே அறியும். பழைய சாசனங்களில் நாட்டமுடையோர் இன்னொன்றும் அறிவர்: இவ்வூர்ப் பிள்ளையார் கோயிலிற் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு, கோணமாமலைச் சிவாலயத்துக்கு 250 வேலி நிலம் தானமாக விடப்பட்டதைச் சொல்லுகின்றது. கட்டுக்குளம்பற்றைச் சேர்ந்த இத்தகைய கரையோரக் கிராமங்களின் பெயர் அரசியற் சரித்திர நூல்களின் பொருளடக்கத்தில் இடம்பெறுவதில்லை. ஆயினும் 1952ஆம் ஆண்டில், மூன்று வயதும் நிரம்பாத ஓர் இளங்கட்சி படுதோல்வியுற்று, அதன் ஸ்தாபகத் தலைவரே தம் ஆசனத்தை இழந்து நின்றபோது, அக்கட்சிக்கு மிஞ்சிய இரண்டே தொகுதிகளில் ஒன்று திருகோணமலை. அத்தொகுதியின் வடகரை நிலாவெளி. தோற்ற தலைவரைக் கட்சி ஏன் கைவிடவில்லை என்ற வினாவை யாழ்ப்பாணத்திலிருந்து பார்ப்பதற்கும் இங்கிருந்து பார்ப்பதற்கும் பேதம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தேர்தல் மே மாதத்தின் கடைசி வாரத்தில், பல நாட்களாகப் பிரித்து நடத்தப்பட்டது. மார்ச் மாதத்தில் டி. எஸ். சேனநாயக்கா குதிரையிலிருந்து வீழ்ந்து காலமாக, அவர் புதல்வர் டட்லி பிரதம மந்திரியாகி, நாட்டின் துக்கம் ஆறுமுன்னரே பாராளுமன்றத்தைக் கலைத்து வாக்குக் கேட்க வந்திருந்தார். கீழ்க்கரையில் அது கச்சான் காற்றுத் தொடங்கும் பருவம். மேற்கேயிருந்து வரும் அந்த அனற்காற்றில் உப்பளப் பாத்திகளின் நீர் சுண்டி, ஓரங்களில் வெள்ளை படரத் தொடங்கும். மண்வெட்டியும் பலகையுமாக ஆண்களும் பெண்களும் விடியலிலேயே பாத்திக்குள் இறங்கி, வெயில் உச்சிக்கு ஏறுமுன் கரையேறிவிடுவர். அபேட்சகர்களின் மோட்டார் வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வருவதும், விதானையார் வீட்டு முற்றத்தில் நாலு பேர் கூடுவதும், சின்னத்துக்கு நேரே புள்ளடி இடுவது எப்படியென்று எழுத்தறியாத கிழவிகளுக்குப் பள்ளிப் பையன்கள் மண்ணிற் கீறிக் காட்டுவதும், இந்த வேலைகளுக்கிடையே நடந்தவைதான். சர்வஜன வாக்குரிமை இலங்கைக்கு 1931இலேயே கிடைத்துவிட்டபடியால், பாட்டிமாருக்கும் அது புதிய வித்தையன்று.

கட்சியின் பிறப்பைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1944இல் நிறுவிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றது. திருகோணமலையும் அப்போது காங்கிரஸின் பக்கமே நின்று சிவபாலனை அனுப்பியது. மறுவருஷம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதே 1948ஆம் வருஷத்தில் பொன்னம்பலம் சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்து கைத்தொழில் மந்திரியானார். அவரோடு மேடையேறி வாக்குக் கேட்டவர்களில் மூவர் அந்தப் பாதையிற் பின்செல்ல மறுத்தனர்: சா. ஜே. வே. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், வைத்தியர் இ. மு. வி. நாகநாதன். இவர்கள் 1949 டிசெம்பர் 18ஆம் திகதி கொழும்பு மருதானையில், அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில் கூடி இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கிவைத்தனர். கையிலிருந்த செல்வாக்கை விட்டு வெளியேறியவர்கள் தொடங்கிய கட்சி இது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதைக்கு அது பிரதான காரணம்.

முதலாவது தேசிய மகாநாட்டை அவர்கள் யாழ்ப்பாணத்திற் கூட்டவில்லை. 1951 ஏப்ரிலில் திருகோணமலையிலேயே கூட்டினர். இதை வெறும் சம்பிரதாயமென்று சொல்லக் கூடாது. கட்சி கோரிய சமஷ்டி என்பது யாழ்ப்பாணத்தாருக்கு அக்காலத்தில் ஒரு சட்டவாதம்; திருகோணமலையாருக்கு அது நிலத்தைப் பற்றிய பேச்சு. கந்தளாயிலும் கொட்டியாரப்பற்றின் அல்லையிலும் அரசாங்கக் குடியேற்றத் திட்டங்கள் பேசப்பட்டும் தொடங்கப்பட்டும் வந்த காலம். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இம்மாவட்டச் சனத்தொகையில் சிங்கள மக்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேர். 1981இல் அது ஏறக்குறைய 34 ஆயிற்று. 1951இல் மேடைக்கு முன் அமர்ந்திருந்தவர்கள் பிந்திய எண்ணை அறியமாட்டார்கள். ஆனால் காட்டிலே எல்லைக்கல் நடப்படுவதை நேரிற் கண்டவர்களுக்குப் புள்ளிவிபரம் வந்து சொல்ல வேண்டியதில்லை. அதனாலே, துறைமுகத்தில் இன்னும் பிரித்தானியக் கடற்படை நங்கூரமிட்டிருந்த அந்நாளிலும், கடற்படைச் சம்பளத்தில் ஒரு பட்டினமே சீவித்துக்கொண்டிருந்த அந்நாளிலும், கட்சியின் பேச்சு இங்கே எளிதாகக் காதேறிற்று.

தேர்தல் முடிவு வந்தது. தமிழரசுக் கட்சி போட்டியிட்ட ஏழு தொகுதிகளில் கோப்பாயும் திருகோணமலையும் மாத்திரமே கிட்டின; நாடளாவிய வாக்குகளில் அதற்குக் கிடைத்தது நூற்றுக்கு இரண்டுக்கும் சற்றுக் குறைவு. தமிழ்க் காங்கிரஸ் நான்கு ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாணத்தில் நாகநாதன் பொன்னம்பலத்திடம் தோற்றார். வட்டுக்கோட்டையில் இளைஞரான அ. அமிர்தலிங்கம் தோற்றார். காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை வீழ்த்தியவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசபிள்ளை. இவர் சேர். பொன். இராமநாதனின் மருமகர், பரமேசுவராக் கல்லூரியின் அதிபராயிருந்தவர், தமிழ்ப் புலமை படைத்தவர், தஞ்சை நாட்டிற் பிறந்தவர். செல்வநாயகமும் யாழ்ப்பாணத்திற் பிறந்தவரல்லர். 1898இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தவர். ஈழத் தமிழரின் தலைமையைத் தீர்மானித்த அந்தப் போட்டியில் இருவரும் கடலுக்கு அப்பாற் பிறந்தவர்கள் என்பது சரித்திரத்தின் சிறு விநோதம். செல்வநாயகம் கிறிஸ்தவர், தொகுதியோ பெரும்பாலும் சைவர்களுடையது, மதம் அத்தேர்தலிற் பேசப்படாத பொருளன்று.

ஆக, தலைவர் தோற்றார். ஸ்தாபகர் மூவரில் இருவர் தோற்றனர். வென்று பாராளுமன்றம் புகுந்தவர்கள் கோப்பாய் வன்னியசிங்கமும் திருகோணமலை என். ஆர். இராஜவரோதயமும். சாதாரண நியதிப்படி தலைமை அவ்விருவரில் ஒருவருக்குப் போயிருக்க வேண்டும். வன்னியசிங்கம் ஸ்தாபகர்களில் ஒருவர், இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து வென்றவர், 'கோப்பாய்க் கோமான்' என்று மக்கள் வாயார வழங்கிய பெயருக்குரியவர், சட்டமும் கற்றவர். இராஜவரோதயம் கட்சி தன் தலைநகரென உரிமை பாராட்டிய மண்ணின் பிரதிநிதி. இவர்கள் தலைமையைக் கோரியிருந்தால் மறுப்பதற்குத் தோற்றவர்களிடம் வாதம் இருந்திராது. ஆனால் அவ்வாறு ஒரு போட்டி எழவில்லை. இங்கே நுட்பமான ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: கட்சித் தலைவர் என்னும் பதவி அக்கட்சியில் மகாநாட்டுத் தெரிவாற் கைமாறி வந்த ஒன்றேயாகும், வன்னியசிங்கமும் இராஜவரோதயமும் நாகநாதனும் இராசமாணிக்கமும் அமிர்தலிங்கமும் வெவ்வேறு காலங்களில் அதில் அமர்ந்தனர். பதவி யாரிடமிருந்தாலும் தலைமை செல்வநாயகத்திடமே இருந்தது. பதவியைப் பங்கிட்டுத் தலைமையைப் பங்கிடாமல் வைத்திருந்த இந்த ஏற்பாடு, எழுதப்பட்ட யாப்பில் இல்லாதது. தோல்வியின் போது பிளவு வராமற் காத்தது அதுதான் என்று நான் கருதுகின்றேன்.

வேறு காரணங்களும் உண்டு. அவற்றுட் சில அத்துணை உன்னதமானவையல்ல. கொழும்பில் சிவில் வழக்குகளில் முன்னணி வகித்த சட்டத்தரணியாகிய செல்வநாயகத்தின் வருமானம் கட்சியின் செலவுகளைத் தாங்கியது. அவர் 1947இலேயே நிறுவிய 'சுதந்திரன்' பத்திரிகை, பாராளுமன்றத்தில் இரண்டு குரல்கள் மட்டுமே எஞ்சிய நாளிலும் கட்சியின் வாதங்களைக் கிராமந்தோறும் கொண்டு சென்றது. ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பது அந்நாட் கிராமங்களில் வழக்கமாகையால், அச்சிட்ட பிரதிகளைக் காட்டிலும் அதன் கேள்வியர் அதிகம். தலைவரை மாற்றுவதென்றால் இந்தப் பணப்பையையும் பத்திரிகையையும் வேறெங்கே தேடுவது? மேலும் ஒன்று: தோற்ற கட்சியின் தலைமை யாரும் பறித்துக்கொள்ள விரும்பும் பண்டமன்று. ஆசனமுமில்லை, மந்திரிப் பதவிக்கு வழியுமில்லை. பொன்னம்பலத்தின் பக்கம் போகிறவர்களுக்குத்தான் அரசாங்கத்தின் வாசல் திறந்திருந்தது. சுமை இருக்குமிடத்தில் அதனைச் சுமப்பவரிடமே விட்டுவிடுவது மனித சுபாவம்.

செல்வநாயகத்தின் தனிக் குணமும் இதற்கு அனுசரணையாயிருந்தது. மேடை முழக்கத்தில் அவர் பொன்னம்பலத்துக்கு நிகரானவரல்லர். மெலிந்த தேகம், மெல்லிய குரல். முதுமையிற் பார்க்கின்சன் நோய் அந்தக் குரலையும் விழுங்கியபோது அருகே இருந்தவரே குனிந்து கேட்க வேண்டியதாயிற்று. பேச்சினாற் கவர்ந்த தலைவருக்குத் தோல்வி என்பது அவர் வித்தை பலிக்கவில்லை என்பதன் பிரகடனம். பேசாமலே நம்பிக்கை பெற்றவருக்கு அப்படியில்லை.

உலக உதாரணங்களும் அக்காலத்தவரின் கண்முன்னே இருந்தன. உலக யுத்தத்தை வென்று கொடுத்த சேர்ச்சில் 1945இல் பெருந்தோல்வி கண்டார். கன்சர்வேட்டிவ் கட்சி அவரை மாற்றாமல் ஆறு வருஷம் பொறுத்திருக்க, 1951இல் அவர் மீண்டும் பிரதம மந்திரியானார். நம் தீவுக்குள்ளேயே மாறான உதாரணமும் நிகழ்ந்தது: 1952இல் 54 ஆசனங்கள் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 1956இல் எட்டாகச் சரிந்ததும், சேர். ஜோன் கொத்தலாவலை ஒதுங்க, அரசியலைத் துறந்து போயிருந்த டட்லி சேனநாயக்காவை அழைத்து வந்து அக்கட்சி தலைமையிலிருத்தியது. அதிகாரத்துக்கென்று அமைந்த கட்சி, அதிகாரத்தை இழப்பித்தவரை வைத்திருக்க ஏலாது. தமிழரசுக் கட்சிக்கு இழக்க அதிகாரமே இருக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மறந்து இரு கட்சிகளையும் ஒரே துலாக்கோலில் நிறுப்பது சரியன்று.

1952க்கும் 1956க்கும் இடைப்பட்ட நாலு வருஷத்தில் தமிழரசுக் கட்சி செய்தவற்றைக் காட்டிலும், கொழும்பு செய்தவைதான் அதற்குப் பெரிதும் உதவின. 1953இல் கொத்தலாவலை பிரதம மந்திரியானதும் பொன்னம்பலம் மந்திரிசபைக்கு வெளியே விடப்பட்டார். உள்ளேயிருந்து காரியம் சாதிப்போம் என்ற வாதம் அன்றே கால் ஒடிந்தது. 1954இல் யாழ்ப்பாணம் வந்த கொத்தலாவலை இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து தருவதாக வாக்களித்துத் தெற்கே திரும்பியதும், அங்கே எழுந்த எதிர்ப்பின் முன் அவர் நிற்கவில்லை. 1956 பெப்ருவரியில் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி தனிச்சிங்களத்தைத் தீர்மானமாகவே ஏற்றுக்கொள்ள, அதன் தமிழ் உறுப்பினர் வெளியேறினர். ஏப்ரிலில் நடந்த தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்கள் பெற்றது. காங்கேசன்துறை செல்வநாயகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வட்டுக்கோட்டை அமிர்தலிங்கத்தை ஏற்றது. திருகோணமலை மீண்டும் இராஜவரோதயத்தையே அனுப்பியது. ஜூன் மாதத்தில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிற்று; காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிபட்டனர்; ஆகஸ்டில், நாலா பக்கங்களிலிருந்தும் கால்நடையாகப் புறப்பட்ட தொண்டர்கள் திருகோணமலையில் வந்து கூட, சமஷ்டி, மொழிச் சம அந்தஸ்து, பிரஜாவுரிமை, குடியேற்ற நிறுத்தம் என்னும் நான்கு கோரிக்கைகளோடும் ஒரு வருஷக் கெடுவோடும் அந்த மகாநாடு முடிந்தது. அந்தக் கெடுவின் நிழலிலேதான் 1957 ஜூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து வருஷத்துக்கு முன் தம் சொந்தத் தொகுதியையே வெல்ல முடியாதிருந்த ஒருவர் பிரதம மந்திரிக்கு எதிரே சமதையாக அமர்ந்தார். ஒப்பந்தம் மறுவருஷமே கிழிக்கப்பட்டது வேறு கதை.

தோற்ற தலைவரை வைத்துக்கொண்டது சரியென்று காலம் இவ்வாறு நிரூபித்தது. அந்த நிரூபணத்தில்தான் ஆபத்தும் இருந்தது என்று சொன்னால் என் நண்பர்களிற் சிலருக்கு மனஸ்தாபம் உண்டாகும். ஆயினும் சொல்ல வேண்டியிருக்கின்றது. 1952இல் மக்கள் தவறினார்கள், 1956இல் திருந்தினார்கள் என்றொரு சித்தாந்தம் கட்சிக்குள் வேரூன்றிவிட்டது. தலைவர் தவறுவதில்லை, மக்கள் கொஞ்சம் பிந்தி வருவார்கள், அவ்வளவுதான். முதல் முறை அது உண்மையாயிருந்தது. ஆனால் அம்முறை அதனை உண்மையாக்கியது தலைவரின் பொறுமை மட்டுமன்று, களனித் தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவர்களுந்தான். எதிராளி விட்ட பிழையால் வந்த ஜயத்தை, தன் நிலைப்பாட்டுக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்ட கட்சிகள் உலகில் வேறும் பல.

இந்தச் சித்தாந்தம் அடுத்துப் பரீட்சிக்கப்பட்டது 1970இல். 1965இல் 14 ஆசனங்களோடு டட்லியின் தேசிய அரசாங்கத்திற் சேர்ந்த கட்சி, தன் சார்பில் செனற்றர் மு. திருச்செல்வத்தை உள்ளூராட்சி மந்திரியாக்கிப் பார்த்தது. அந்த உறவு முறிந்ததும் எங்கள் மாவட்டத்து விஷயத்தினாலேதான்: பிரெடரிக் கோட்டைக்குள் கோணேசர் ஆலயச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் நியமித்த குழுவைப் பிரதம மந்திரி நிறுத்திவைக்க, 1968இல் அவர் பதவி துறந்தார். இரண்டு வருஷம் கழித்து நடந்த தேர்தலில் கட்சி 13 ஆசனங்களை வைத்துக்கொண்டாலும், வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கமும் நல்லூரில் நாகநாதனும் தோற்றனர். திருகோணமலை இம்முறையும் தவறாமல் தமிழரசுக் கட்சியைச் சேர்ந்த நேமிநாதனை அனுப்பியது. இராஜவரோதயம் 1963இற் காலமான பின்னும், அபேட்சகர் மாறினாரேயன்றித் தொகுதி மாறவில்லை. வட்டுக்கோட்டையிற் தோற்ற அமிர்தலிங்கமோ தோற்றபின் முன்னையிலும் பெரியவரானார்: திருகோணமலையில் 1972 மே 14ஆம் திகதி உருவான தமிழர் கூட்டணியின் முன்னணியிலும், நான்கு வருஷம் கழிந்து வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மேடையிலும் அவரே நின்றார், 1977இல் காங்கேசன்துறையில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். அதே தேர்தலில் திருகோணமலை தேர்ந்த புதியவர் இரா. சம்பந்தன் என்னும் சட்டத்தரணி.

செல்வநாயகம் தோல்வியை வேறு விதமாகவும் நடத்தினார் என்பதை இங்கே சொல்லாமற் போவது நியாயமன்று. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்டுவதற்காக, வென்றிருந்த ஆசனத்தை அவர் தாமாகவே துறந்து, முடிந்தால் என்னை எதிர்த்து நில்லுங்கள் என்று அரசாங்கத்தை அழைத்தார். அரசாங்கம் உப தேர்தலை 1975 பெப்ருவரி 6ஆம் திகதிவரை இழுத்தடித்தது; அன்று அவர் 25,927 வாக்குகளும் அவரை எதிர்த்த வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகளும் பெற்றனர். தலைமைக்கு மக்களின் ஒப்புதல் வேண்டுமென்று, வேண்டாத இடத்திலும் போய்க் கேட்டவர் அவர். இந்தப் பாதியைப் பின்வந்தோர் முதுசமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1952இன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

பிற்காலத்தில் தோல்வியின் சுபாவமே மாறிவிட்டது. 1952இல் தோற்றவர் பாராளுமன்றத்துக்கு வெளியே நிற்க வேண்டும். செனற் சபை என்றொரு வாசல் இருந்தது, செல்வநாயகம் அதில் அமர்ந்தவரல்லர். 1988இல் கொண்டுவரப்பட்ட 14ஆவது திருத்தம் 29 தேசியப் பட்டியல் ஆசனங்களை உண்டாக்கியபோது, மக்கள் திருப்பியனுப்பியவரைக் கட்சி வேறு வழியால் உள்ளே அழைத்துவர இயலுமாயிற்று. மறுவருஷப் பெப்ருவரியில், சுயேச்சையாக நின்ற ஈரோஸ் இயக்கம் வடகிழக்கில் 13 ஆசனங்களோடு முன்னிற்க, மட்டக்களப்பில் நின்ற அமிர்தலிங்கம் தோற்றார். தேசியப் பட்டியலால் உறுப்பினரானார். ஜூலை 13ஆம் திகதி கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்டார். யுத்த காலத் தேர்தல்களை அமைதிக் காலத் தேர்தல்களைப் போல் வாசிக்கலாகாது. துப்பாக்கிகளுக்கிடையே இட்ட புள்ளடி ஒரு தலைமையின் மீதான தீர்ப்பாகுமா என்பது எனக்கும் சந்தேகமே.

சம்பந்தனின் கதை அந்தச் சந்தேகத்தின் மத்தியிலேயே நடந்தது. 1983இல் ஆறாவது திருத்தத்துக்குப் பின் கூட்டணியினர் சபைக்குச் செல்லாமல் ஆசனம் இழந்தபோது அவரும் இழந்தார். 1989இல் தோற்றார்; 1994இல் மீண்டும் தோற்றார், அம்முறை மாவட்டம் தெரிந்தெடுத்தது அ. தங்கத்துரையை. 1997 ஜூலை 5ஆம் திகதி தங்கத்துரை திருகோணமலைப் பாடசாலையொன்றின் விழாவிற் கொலையுண்ட பின், வெற்றிடத்துக்குச் சம்பந்தன் சென்றார். 2000இல் மறுபடியும் தோற்றார். மும்முறை தோற்ற அவரே 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராகி, அதன்பின் தம் ஆயுள் முடியும் வரை ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை. 2004இல் கூட்டணியின் உதயசூரியன் சின்னம் பிணக்கில் அகப்பட, பல வருஷம் உறங்கிக் கிடந்த தமிழரசுக் கட்சியின் பெயரும் வீட்டுச் சின்னமும் மறுபடி எழுப்பப்பட்டு 22 ஆசனங்களை ஈட்டின. 2015இல் அவர் எதிர்க்கட்சித் தலைவராகவும் அமர்ந்தார். தமிழ்நாட்டு வாசகர் இதில் ஆச்சரியப்படமாட்டார்கள். 1991இல் இரண்டே இடங்களில் வென்ற தி.மு.க. கருணாநிதியை மாற்றவில்லை; 1996இல் பர்கூரில் தாமே தோற்று, கட்சிக்கு நான்கே இடங்கள் மிஞ்சிய நிலையிலும் ஜெயலலிதாவை அ.தி.மு.க. மாற்றவில்லை, இரண்டு கட்சிகளும் அடுத்த தேர்தலிலேயே கோட்டைக்குத் திரும்பின. ஆனால் அங்கே பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கொருமுறை அரசாங்கமே கைமாறும். காத்திருப்புக்குக் கூலி உண்டு. இங்கே காத்திருப்பு மாத்திரமே உண்டு.

2020 ஆகஸ்டில் கூட்டமைப்பு 16 ஆசனங்களிலிருந்து பத்துக்கு இறங்கியது. 2014 முதல் தமிழரசுக் கட்சியின் தலைவராயிருந்த மாவை சேனாதிராசா யாழ்ப்பாணத்திற் தோற்றார். திருகோணமலை, 87 வயதான சம்பந்தனை அப்போதும் அனுப்பியது. தெற்கே ரணில் விக்கிரமசிங்கவின் ஐக்கிய தேசியக் கட்சி ஒரு தொகுதியாசனமுமின்றி ஒற்றைத் தேசியப் பட்டியல் ஆசனத்தோடு மிஞ்சியும், அவர் தலைமையை விடாதிருந்து, இரண்டு வருஷத்தில் நாட்டின் ஜனாதிபதியே ஆனார். அந்த விநோதம் கண்ணெதிரே நடக்கையில் தோற்றவரை விலகச் சொல்ல எவருக்கு வாய் வரும்? சேனாதிராசாவும் விலகவில்லை, விலகும்படி கட்சியும் அழுத்திக் கேட்கவில்லை.

முடிவில் 2024 ஜனவரி 21ஆம் திகதி, கட்சி தன் சரித்திரத்தில் முதன்முறையாகத் தலைமைக்குப் போட்டி வைத்து இரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. அதற்குத் தெரிந்தெடுத்த இடமும் திருகோணமலைதான். சிவஞானம் சிறீதரன் 184 வாக்குகளும் ம. ஆ. சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். எழுபத்துநான்கு வருஷமாகப் பதவிக்கும் தலைமைக்கும் இடையே மௌனமாகப் பேணிவந்த ஏற்பாட்டை எண்ணிக்கை வந்து கலைத்த நாள் அது. நான் அதனைக் குறையாகச் சொல்லவில்லை, 1952இலேயே ஒருமுறை எண்ணியிருந்தால் செல்வநாயகம் பெருவாரியாய் வென்றிருப்பார், பின்வந்தோருக்கும் எண்ணும் பழக்கம் படிந்திருக்கும். வாக்கெடுப்பைத் தொடர்ந்து கூட இருந்த மகாநாடு ஒத்திவைக்கப்பட்டது. தெரிவுகள் யாப்புக்கு முரண் என்று உறுப்பினர் சிலர் வழக்குத் தொடுத்தனர். வென்றவர் கதிரையில் அமர முன்னரே தடையுத்தரவு வந்தது. ஆகவே, 2020இற் தோற்ற தலைவரே நீதிமன்றத்தின் தயவால் மேலும் சில காலம் தலைவராயிருந்தார். சம்பந்தன் அவ்வருஷம் ஜூன் 30ஆம் திகதி காலமானார். அவர் இடத்துக்குச் ச. குகதாசன் சென்றார். நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்துக்கொள்ள, தமிழரசுக் கட்சிக்கு ஒன்றே கிட்டியது, சுமந்திரன் தோற்றார். தோற்றும் அவர் சில மாதங்களுக்குள் கட்சியின் பதில் பொதுச் செயலாளரானார். பதில் தலைவராகச் சி. வி. கே. சிவஞானம் அமர்ந்தார். திருகோணமலை மாவட்டம், நிலாவெளியின் வாக்குகளும் சேர, குகதாசனைத் தெரிந்து கொழும்புக்கு அனுப்பிவைத்தது. அவரை அனுப்பிய கட்சிக்கு முறைப்படியான தலைவர் யாரென்பதை அறிய விரும்பிய தொண்டர்களோ, நகரத்து மாவட்ட நீதிமன்றத்தில் அவ்வழக்குக்கு அடுத்த தவணை எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தனர்.